சங்கு முத்திரை போட்ட பிரமாணம் கோயில் நிலத்தைக் குறிக்குமா?

கேள்வி:

நாங்கள் பாறசாலைக்குப் பக்கத்தில் எல்லையை ஒட்டிய கிராமம் ஒன்றில் இருக்கிறோம். வீட்டில் தமிழ், வில்லேஜ் ஆபீஸிலும் பள்ளிக்கூடத்திலும் மலையாளம். எங்கள் பாட்டாவின் டிரங்குப் பெட்டியைத் துடைத்து அடுக்கும்போது கொல்லம் 1098ஆம் ஆண்டு எழுதிய நிலப் பிரமாணம் ஒன்று கிடைத்தது. நாங்கள் குடியிருக்கும் விளைக்கு உரியது. முத்திரைத்தாளின் தலையில் ஒரு சங்கு அச்சிட்டிருக்கிறது. அடுத்த விளைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "சங்கு பத்மநாப சாமிக்குள்ள அடையாளமாக்கும். சங்கு போட்டதெல்லாம் ஸ்ரீபண்டாரவக நிலம். கோயில் கேட்டா ஒரு நாள் விட்டுக் கொடுக்கத்தான் வேணும்" என்கிறார். மகள் கல்யாணத்துக்கு அதில் கொஞ்சம் விற்க நினைத்திருந்தோம். இப்போது தூக்கம் வரவில்லை.

நாங்கள் சி.எஸ்.ஐ. சபையார். எங்கள் குடும்பப் பத்திரத்தில் எப்படிச் சாமியின் சங்கு வந்தது? கல்லூரியில் படிக்கும் என் மகனோ, எல்லா லோகோவிலும் ஒரு ரகசியம் ஒளிந்திருக்கிறது என்று மொபைலில் வீடியோ வீடியோவாகக் காட்டுகிறான். ஆனவண்டி என்று நாங்கள் சொல்லும் கேரள அரசுப் பேருந்தில் இருக்கும் இரண்டு யானைக்கும் மறைபொருள் உண்டாம். களியக்காவிளை தாண்டினால் யானை போய்க் கோபுரம் வந்துவிடுகிறது. இந்தச் சின்னங்களை எப்படிப் புரிந்துகொள்வது?

- வாசகி ஒருவர், நெய்யாற்றின்கரை தாலுகா

பதில்:

அம்மா, முதலில் உங்கள் தூக்கத்தைக் கெடுத்த விஷயத்துக்கே வருகிறேன். முத்திரைத்தாளில் சங்கு இருப்பதால் மட்டும் உங்கள் விளை கோயில் நிலம் ஆகிவிடாது. அந்தச் சங்கு தாளை விற்ற அரசாங்கத்தின் அடையாளம். நிலம் யாருடையது என்பதைத் தாளின் கீழே எழுதியிருக்கும் வாசகம்தான் சொல்லும்.

கொல்லம் 1098 என்றால் 1922 ஆகஸ்டிலிருந்து 1923 ஆகஸ்ட் வரையான காலம். ஸ்ரீமூலம் திருநாள் ஆட்சியின் கடைசி ஆண்டுகள். அன்றைக்குத் திருவிதாங்கூரில் நிலம் வாங்குகிறவர், விற்கிறவர், ஒற்றி வைக்கிறவர் எல்லாரும் சமஸ்தானம் அச்சிட்ட முத்திரைத்தாளில்தான் எழுதவேண்டும். வாங்குகிறவர் கிறிஸ்தவரா, இசுலாமியரா, இந்துவா என்று தாள் பார்ப்பதில்லை. வேதக்கோயில் கட்ட நிலம் வாங்கினாலும் அதே தாள், அதே சங்கு. இன்றைய முத்திரைத்தாளில் அசோகர் தூணின் சிங்கங்கள் இருக்கின்றனவே, அதனால் நிலம் இந்திய அரசுக்குச் சொந்தம் என்று யாரும் சொல்வதில்லை அல்லவா? சங்குக்கும் அதே நியாயம்தான்.

ஆனாலும் உங்கள் அடுத்த விளைக்காரர் சொன்னதை வெறும் கட்டுக்கதை என்று நான் தள்ளமாட்டேன். அவர் பேச்சுக்கு இரண்டு பழைய வேர்கள் உண்டு. இரண்டையும் தெரிந்துகொண்டால்தான் அவர் எந்த இடத்தில் வழிதவறினார் என்பது விளங்கும்.

முதல் வேர், சங்குக்கு உண்மையாகவே இரண்டு பொருள் இருந்தது. கொல்லம் 925 மகர மாதத்தில், அதாவது 1750 ஜனவரியில், மார்த்தாண்டவர்மா தன் நாடு முழுவதையும் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமிக்கு ஒப்படைத்தார். திருப்படிதானம் என்று அதற்குப் பெயர். அன்றுமுதல் மன்னர்கள் தங்களைப் பத்மநாபதாசர் என்று சொல்லிக்கொண்டு, சுவாமியின் பெயரால் நாட்டை ஆண்டார்கள். நாடே சுவாமிக்கு என்று ஆன பிறகு, திருமாலின் கையில் இருக்கும் சங்கு அரசாங்க முத்திரையாகவும் ஆயிற்று. இதில் ஒளிவுமறைவு ஏதும் கிடையாது. பக்தி, அதிகாரம் என்ற இரண்டு பொருளையும் ஊரறியச் சொல்வதற்காகவே அந்தச் சின்னத்தைப் பிடித்தார்கள்.

பிறகு சங்கு எங்கும் பரவியது. திருவிதாங்கூரின் செங்கொடியில் வெண்சங்கு இருந்தது. காசிலும் சக்கரத்திலும் பணத்திலும் சங்கு இருந்தது. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 28 சக்கரம் ஒரு ரூபாய் என்று கணக்குப் பார்த்தவர்கள் நாள் முழுவதும் சங்கைத்தான் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். 1888இல் சமஸ்தானத்தின் அஞ்சல் முதன்முதலாகத் தபால்தலை வெளியிட்டபோது அதிலும் சங்கு. பச்சை வண்ண அஞ்சல் பெட்டியிலும் சங்கு. 1951இல் அஞ்சல் இந்தியத் தபால் துறையோடு சேரும்வரை உங்கள் பாட்டா காலத்தவர் கடிதம் போட்டது அந்தப் பெட்டியில்தான். அந்தக் கடிதங்கள் எல்லாம் கோயிலுக்குச் சொந்தம் என்று யாரும் சொன்னதில்லை.

இரண்டாவது வேர் இன்னும் பழையது. தமிழ் மண்ணில் ஒரு காலத்தில் சின்னமே நில உரிமையைச் சொன்னது. சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளைப் படித்தால், திருமால் கோயிலுக்கு விட்ட திருவிடையாட்ட நிலத்தின் நான்கு எல்லையிலும் திருவாழிக்கல் நட்டதாக வரும். திருவாழி என்பது சக்கரம். சிவன் கோயில் நிலமானால் சூலம் பொறித்த கல். சமணப் பள்ளிக்கு விட்ட பள்ளிச்சந்தமானால் முக்குடை பொறித்த கல். எழுத்துத் தெரியாதவனும் வரப்பில் நின்று கல்லைப் பார்த்தால் போதும், எந்த நிலம் எந்தத் தெய்வத்துக்கு உரியது என்று தெரிந்துவிடும். தெய்வத்தின் சின்னம் கண்ட இடம் தெய்வத்தின் சொத்து என்ற எண்ணம் நம் ஊர்களில் இப்படித்தான் ஊறிப்போனது. உங்கள் அடுத்த விளைக்காரர் எல்லைக்கல்லைப் படிக்கும் முறையில் முத்திரைத்தாளைப் படித்துவிட்டார். கல் அந்த நிலத்தில் நட்டது, அந்த ஒரு நிலத்தைப் பற்றி மட்டுமே பேசியது. தாளோ அச்சகத்தில் ஆயிரக்கணக்கில் அடித்தது. அதில் இருந்த சங்குக்கு உங்கள் விளை எங்கே இருக்கிறதென்றே தெரியாது.

அப்படியானால் ஸ்ரீபண்டாரவக என்று ஒன்று உண்டா? உண்டு. பத்மநாபசுவாமி கோயிலுக்கு உரிய நிலங்களைத்தான் அப்படிச் சொன்னார்கள். ஆனால் திருவிதாங்கூர்ப் பத்திரங்களில் அதிகமாக வருவது வெறும் "பண்டாரவக". அது சர்க்கார் நிலம். முன்னால் "ஸ்ரீ" சேர்ந்தால் கோயில் நிலம், சேராவிட்டால் சர்க்கார் நிலம். பேச்சில் இந்த ஓரெழுத்தை விழுங்கிவிடுவார்கள். பத்திரத்தில் அது நிலத்தின் வகையையே மாற்றிவிடும். சர்க்கார் பாட்டத்தில் இருந்த நிலங்களுக்கு 1865 ஜூனில் ஆயில்யம் திருநாள் காலத்தில், டி. மாதவராவ் திவானாக இருந்தபோது, பண்டாரப்பாட்ட விளம்பரம் வந்தது. அதுவரை பாட்டக்காரராக மட்டும் இருந்தவருக்கு, நிலத்தை விற்கவும் ஒற்றி வைக்கவும் வாரிசுக்கு விடவும் உரிமை கிடைத்தது. தென் திருவிதாங்கூரில் சாதாரணக் குடும்பங்கள் பலவும் நிலத்துக்கு உடையவர்களாகத் தலைநிமிர்ந்தது இதற்குப் பிறகுதான். உங்கள் பிரமாணத்தில் "பண்டாரவக பாட்டம்" என்று இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

"ஸ்ரீபண்டாரவக" என்றே இருந்தாலும் பதற வேண்டாம். கேரளத்தில் 1971ஆம் ஆண்டின் ஸ்ரீபண்டாரவக நிலங்கள் சட்டம் அந்த நிலங்களை அரசுக்கு உரியதாக்கி, வைத்து அனுபவித்தவர்களுக்கு உரிமை கிடைக்க வழிசெய்தது. எல்லைக்கு இந்தப் பக்கம், கன்னியாகுமரி மாவட்டத்துக்கென்றே தமிழ்நாடு 1964இல் இதுபோல ஒரு சட்டம் இயற்றி, ஸ்ரீபண்டாரவக நிலங்களை ரயத்துவாரி நிலங்களாக மாற்றியது. ஆகவே கோயில் வந்து கேட்டதும் எழுந்து கொடுக்கவேண்டிய நிலை எங்கும் இல்லை. அப்படி ஒரு வாசகம் இருந்தால், பிந்திய ஆவணங்கள் ஒழுங்காக உள்ளனவா என்று நிலவழக்குத் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் காட்டுங்கள்.

"எங்கள் குடும்பப் பத்திரத்தில் எப்படிச் சாமியின் சங்கு?" என்று கேட்டீர்கள். இந்தக் கேள்வி என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. சட்டப்படியான பதில் மேலே சொல்லியாயிற்று. வரலாறு தரும் பதில் வேறொன்று உண்டு. அதை நீங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். சங்கைப் பார்த்த எல்லாரும் ஒன்றையே பார்க்கவில்லை. மன்னருக்கு அது தன் குலதெய்வம். கச்சேரிக் குமாஸ்தாவுக்கு அது மேலாவின் கட்டளை. உங்கள் பக்கத்து நாடார், ஈழவர், புலையர் வீடுகளுக்கோ அது வரி கேட்ட கையின் முத்திரை. அந்த வீடுகளின் பெண்கள் மார்பை மறைத்துத் துணி போடுவதற்கே பல்லாண்டு போராட வேண்டியிருந்தது. 1859இல்தான் நாடார் பெண்களுக்கு ராஜ விளம்பரம் மூலம் அனுமதி வந்தது, அதுவும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடு. சங்குக்கு உரிய சுவாமியின் கோயிலுக்குள் இந்த வீட்டு மக்கள் கால்வைக்க 1936 நவம்பர் 12ஆம் தேதி ஆலயப் பிரவேச விளம்பரம் வரவேண்டியிருந்தது. உங்கள் பிரமாணம் எழுதியது அதற்கும் பதின்மூன்று, பதினான்கு ஆண்டுகள் முன்னால்.

ஒன்றை எண்ணிப் பாருங்கள். கோயில் வாசலில் பல குடும்பங்களைத் தடுத்து நிறுத்திய அதே அரசின் முத்திரை, உங்கள் கையில் இருக்கும் தாளில் "இந்த நிலம் இவருடையது" என்பதற்குச் சாட்சியாக நிற்கிறது. சங்குக்கு மறைபொருள் என்று ஒன்றைச் சொல்லவேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன். கோயிலுக்கு உங்கள் நிலத்தின்மேல் உள்ள உரிமையை அது காட்டவில்லை. உங்கள் முன்னோர் அந்த அரசிடமிருந்து எழுத்தில் வாங்கிய உரிமையைக் காட்டுகிறது. அந்தத் தாளைக் கண்டு நீங்கள் அஞ்சக்கூடாது, பெருமைப்பட வேண்டும்.

இனி யானைக்கு வருவோம். திருவிதாங்கூர் அரச இலச்சினையில் சங்கின் இரு பக்கமும் யானைகள் நின்றன, கீழே ஒரு நாடாவில் "தர்மோஸ்மத் குலதைவதம்" என்ற வாசகம் இருந்தது. தர்மமே எங்கள் குலதெய்வம் என்று பொருள். இப்படி இரு விலங்குகள் தாங்கி நிற்பதும், கீழே வாசகம் எழுதிய நாடா ஓடுவதும் ஐரோப்பியப் பிரபுக் குடும்பங்களின் வழக்கம். 1877 டெல்லி தர்பாருக்காக ராபர்ட் டெய்லர் என்ற ஆங்கில அதிகாரி நம் சமஸ்தானங்களுக்கு இந்த முறையில் இலச்சினைகள் வரைந்து கொடுத்தார். அக்காலத்தில் இந்திய அரச சின்னங்கள் பலவற்றில் அந்தச் சாயல் படிந்தது. அதே சமயம், நடுவில் தெய்வம், இருபுறமும் யானை என்ற அமைப்பு நமக்குப் புதிதல்ல. கோயில் நிலைவாசலின் மேலே கஜலட்சுமியை அப்படித்தானே பார்க்கிறோம்? அதனால்தான் வெளிநாட்டு வடிவம் நம் கண்ணுக்கு உறுத்தாமல் நின்றது. சமஸ்தானம் போன பிறகு, கேரள அரசு சங்கையும் இரண்டு யானைகளையும் வைத்துக்கொண்டு மேலே அசோகச் சிங்கங்களைச் சேர்த்தது. 1938 பிப்ரவரி 20 அன்று மன்னர் காலத்தில் தொடங்கிய திருவிதாங்கூர்ப் போக்குவரத்துத் துறையின் வாரிசுதான் இன்றைய கே.எஸ்.ஆர்.டி.சி. அதன் யானைகளும் அந்த வழியில் வந்தவைதான். அவற்றில் ரகசியம் ஏதுமில்லை, பரம்பரைதான் இருக்கிறது. கர்நாடகப் பேருந்துகளில் மைசூர் மன்னரின் இருதலைப் பறவையான கண்டபேருண்டம் நிற்பதும் இதே காரணத்தால்தான்.

களியக்காவிளையில் யானை போய்க் கோபுரம் வருவதற்கும் காரணம் வரலாறே. மதராஸ் மாகாணத்தைப் பிரிட்டிஷார் நேரே ஆண்டார்கள். விடுதலைக்குப் பிறகு அந்த அரசு தொடர்ந்து வைத்துக்கொள்ள ஓர் அரசவம்சச் சின்னம் இல்லை, புதிதாகத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. ஓவியர் ஆர். கிருஷ்ணராவ் வரைந்த கோபுர இலச்சினை 1949இல் நடைமுறைக்கு வந்தது. அது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் என்பதே பரவலான நம்பிக்கை. மதுரை மீனாட்சி கோயிலின் மேற்குக் கோபுரம் என்று வாதிடுபவர்களும் உண்டு. கோயிலின் பகுதிதானே அது என்று கேட்டால், தமிழ்க் கட்டடக்கலையின் அடையாளம் என்று அரசு சொல்லும். வணங்குகிறவர் அதில் கோயிலைப் பார்ப்பார், வணங்காதவர் கலையைப் பார்ப்பார். இதுவும் வெளிப்படையான இரட்டைப் பொருள்தான். கீழே இருந்த "சத்யமேவ ஜயதே" பின்னாளில் தி.மு.க. ஆட்சியில் "வாய்மையே வெல்லும்" ஆயிற்று. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்கள் கோபுரத்தின் பக்கம் வந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டும் நெய்யாற்றின்கரை வரவில்லை, சங்கோடு நின்றது. இஞ்சிவிளைக்கும் களியக்காவிளைக்கும் இடையே நீங்கள் தினமும் பார்க்கும் சின்னங்களின் மாற்றம் அன்று போட்ட கோட்டின் தடம். கோட்டின் எந்தப் பக்கம் இருந்தாலும் பழைய பெட்டியைத் திறந்தால் எல்லார் வீட்டிலும் ஒரே சங்குதான் இருக்கும்.

இனி உங்கள் மகனுக்கு. லோகோக்களில் ஒளித்து வைத்த பொருள் இருப்பது உண்மைதான். பெடெக்ஸ் நிறுவனத்தின் பெயரில் கடைசி இரண்டு எழுத்துகளுக்கு நடுவே உள்ள வெள்ளை இடைவெளி ஓர் அம்பு. 1994இல் அதை வரைந்த லிண்டன் லீடர் தெரிந்தேதான் வைத்தார். நம் ரூபாய்க் குறியை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழரான உதயகுமார் வடிவமைத்ததை 2010 ஜூலையில் மத்திய அரசு ஏற்றது. தேவநாகரி "ர"வும் ரோமன் "ஆர்" எழுத்தும் அதில் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. மேலே உள்ள இரண்டு கோடுகளும் இடைவெளியும் மூவர்ணக் கொடியை நினைவூட்டுகின்றன. வரைந்தவரே சொன்ன பொருள் இது.

எதிர்ப்பக்கத்தையும் அவர் அறியவேண்டும். பிராக்டர் அண்டு கேம்பிள் என்ற சோப்பு நிறுவனம் 1850களில் சின்சினாட்டி நகரிலிருந்து மெழுகுவர்த்திப் பெட்டிகளை அனுப்பியது. படகுத்துறை ஆட்கள் அடையாளத்துக்காகப் பெட்டியில் சிலுவைபோல ஒரு குறி கிறுக்கினார்கள். அது நட்சத்திரமாகி, பிறகு நிலாமுகமும் 13 நட்சத்திரங்களும் கொண்ட முத்திரையாக வளர்ந்தது. 13 என்பது அமெரிக்காவின் முதல் 13 குடியேற்றங்கள். 1980களில் யாரோ அதில் சாத்தானின் எண் இருக்கிறது என்று கிளப்பிவிட, சபைகள்தோறும் வதந்தி பரவியது. 1985இல் நிறுவனம் பொருள்களின் உறையிலிருந்து அந்த முத்திரையையே எடுத்துவிட்டது. வதந்தியைப் பரப்பிய போட்டி விற்பனையாளர்கள் நால்வர் ஒரு கோடியே 92 லட்சத்து 50 ஆயிரம் டாலர் இழப்பீடு தரவேண்டும் என்று 2007இல் நடுவர் குழு தீர்ப்பளித்தது. சின்னத்தில் இல்லாததை இருப்பதாகச் சொல்வது விளையாட்டுப்போலத் தொடங்கும், ஆனால் அதனால் வரும் நட்டம் விளையாட்டல்ல. உங்கள் விளையைப் பற்றி எழுந்த பேச்சும் இந்த வகையைச் சேர்ந்ததுதான்.

அதனால் எந்தச் சின்னத்தைக் கண்டாலும் மகனை மூன்று கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள். இதைப் பொறித்தது யார்? எதன்மேல் பொறித்தார்கள்? எப்போது, எந்தக் காரியத்துக்கு? மூன்றுக்கும் ஆதாரத்தோடு பதில் கிடைத்தால் பொருள் தானே தெளியும். பதிலே இல்லாமல் "ரகசியம்" மட்டும் இருந்தால் நம்ப வேண்டாம்.

உங்கள் காரியத்துக்குச் செய்யவேண்டியவை இவை. பிரமாணத்தை லேமினேஷன் செய்யாதீர்கள், பழைய தாள் அதில் கெட்டுப்போகும், பிறகு பிரிக்கவும் முடியாது. இரு பக்கமும் ஸ்கேன் எடுத்துவையுங்கள். பழைய எழுத்து நன்றாகப் படிக்கத் தெரிந்த ஆதாரம் எழுத்துக்காரரிடம் கொடுத்து, நிலவகை எழுதிய வரியையும் சர்வே எண்ணையும் தனியே எழுதி வாங்குங்கள். சப் ரிஜிஸ்திரார் அலுவலகத்தில் முன்னாதாரங்களின் நகலுக்கும் வில்லங்கச் சான்றுக்கும் மனு கொடுங்கள். வில்லேஜ் ஆபீஸில் அடிப்படை வரிப் பதிவேட்டில் உங்கள் சர்வே எண்ணுக்கு எதிரே என்ன வகை எழுதியிருக்கிறது, தண்டப்பேர் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். கரம் அடைத்த ரசீதுகளை ஆண்டு வரிசையில் அடுக்கிவையுங்கள். இவை எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தி வந்தால், வக்கீலிடம் ஒருமுறை காட்டிவிட்டு, தைரியமாக விற்பனைக்குப் பேசுங்கள். அதுவரை அடுத்த விளைக்காரரின் பேச்சை நம்பி விலையைக் குறைக்காதீர்கள், எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.